மனிதன் ஓநாயாகும் இரண்டரை நிமிடம்! - ஒரு மேக்கப் மாயத்தின் கதை

லண்டனில் ஒரு சின்ன வீடு. பௌர்ணமி இரவு. ஹாலில் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த இளைஞன் திடீரென்று துள்ளி எழுகிறான். உடம்பெல்லாம் எரிகிறது என்று அலறியபடி போட்டிருக்கும் துணிகளைப் பிய்த்து எறிகிறான். கையைத் தூக்கிப் பார்த்தால், அவன் கண்ணெதிரிலேயே உள்ளங்கை நீள்கிறது. தோலைத் துளைத்துக்கொண்டு ரோமம் முளைக்கிறது. முதுகெலும்பு புடைக்கிறது. கடைசியாக முகம் முன்னோக்கி நீண்டு ஓநாயின் வாயாகிறது. இத்தனைக்கும் பின்னணியில் ஒலிப்பது திகில் இசை அல்ல. சாம் குக்கின் இதமான குரலில் 'ப்ளூ மூன்' பாட்டு!

1981 ஆகஸ்டில் வெளியான 'ஆன் அமெரிக்கன் வேர்வூல்ஃப் இன் லண்டன்' படத்தின் காட்சி இது. திரையில் ஓடுவது சுமார் இரண்டரை நிமிடம். ஒரு ஃப்ரேமில்கூட கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கிடையாது. ரப்பர், பசை, ரோமம், குழாய்கள், ஒரு நடிகரின் பொறுமை... அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகள் கடந்தும் மேக்கப் கலைஞர்கள் இந்தக் காட்சியைப் பாடம்போலத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். (பெரியவர்களுக்கான திகில் படம் இது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க ஏற்றதல்ல.)

அதற்கு முன்னால் எப்படி?

மனிதன் மிருகமாக மாறும் காட்சி சினிமாவுக்குப் புதிதல்ல. 1931-ல் வந்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில், நல்லவரான டாக்டரின் முகம் கேமராவின் கண் முன்னே, வெட்டே இல்லாமல், கொடூரமாக மாறும். பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். அந்த ரகசியத்தை இயக்குநர் ரூபன் மமூலியன் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை.

விஷயம் எளிமையானது. நடிகர் ஃப்ரெட்ரிக் மார்ச்சின் முகத்தில் சிவப்பு நிறத்தில் சுருக்கங்களையும் நிழல்களையும் வரைந்துவிட்டார்கள். கேமரா முன்னால் சிவப்புக் கண்ணாடி ஃபில்டர் வைத்தால், கறுப்பு வெள்ளை படத்தில் அந்தக் கோடுகள் தெரியாது. அதை மெல்ல நகர்த்திவிட்டு வேறு நிற ஃபில்டரைக் கொண்டுவந்தால் அதே கோடுகள் கறுப்பாகத் திரண்டு வரும். முகத்தில் யாரும் கை வைக்கவில்லை. மாறியது ஒளி மட்டுமே. ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ்ஸின் உத்தி இது. மேக்கப் போட்டவர் வாலி வெஸ்ட்மோர். இந்தக் குடும்பப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

அடுத்து, 1941-ல் 'தி வூல்ஃப் மேன்'. யூனிவர்சல் ஸ்டூடியோவின் மேக்கப் பிரிவுத் தலைவர் ஜாக் பியர்ஸ், நடிகர் லான் சேனி ஜூனியரின் முகத்தில் யாக் எருமையின் ரோமத்தைக் கொத்துக் கொத்தாகப் பசையால் ஒட்டினார். 1931-ல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்காக போரிஸ் கார்லாஃபின் தலையைத் தட்டையாக மாற்றியவரும் இவர்தான். பஞ்சையும் பசையையும் அடுக்கு அடுக்காகப் பூசி, தினமும் புதிதாக உருவாக்குவது அவர் பாணி.

மாறும் காட்சிக்கு அன்றைக்கு இருந்தது ஒரே வழி. நடிகர் அசையாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் ரோமம் ஒட்டிப் படம்பிடிப்பார்கள். இன்னும் கொஞ்சம் ஒட்டி மறுபடியும் படம்பிடிப்பார்கள். பிறகு ஒன்றை ஒன்றில் கரையவிட்டு இணைப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால், உயிரோடு ஒருவன் மிருகமாகும்போது ஏன் சிலைபோல் அசையாமல் இருக்க வேண்டும்?

ஒரு கேள்வி... பத்து வருடக் காத்திருப்பு

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஜான் லாண்டிஸ். 1969-ல் யூகோஸ்லாவியாவில் ஒரு ஹாலிவுட் படப்பிடிப்பில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன். அங்கே ஒரு நாற்சந்தியில் ரோமா இன மக்கள் ஒருவரை ஆழமாகக் குழிதோண்டிப் புதைப்பதைப் பார்த்தாராம். செத்தவர் எழுந்து வந்து தொல்லை கொடுக்கக் கூடாது என்று உடலோடு பூண்டையும் வைத்துக் கட்டியிருந்தார்கள். செத்தவர் நிஜமாகவே எழுந்து வந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனையில் அப்போதே எழுதிய திரைக்கதைதான் இந்த ஓநாய்க் கதை.

சில ஆண்டுகள் கழித்து, 'ஷ்லாக்' என்ற குறைந்த செலவுப் படத்தை லாண்டிஸ் இயக்கினார். அதற்குக் குரங்கு வேஷம் தயாரித்துக் கொடுத்தவர் இருபது வயதை ஒட்டிய ரிக் பேக்கர். அவரிடம் லாண்டிஸ் தன் ஓநாய்க் கதையைச் சொன்னார். உடம்பில் எலும்பு நீண்டால் உயிர் போகிற வலி வரும். அந்த வலி தெரிய வேண்டும். நிழலில் ஒளிக்காமல் நல்ல வெளிச்சத்தில் காட்ட வேண்டும். நடிகர் நகர்ந்துகொண்டே மாற வேண்டும். இவைதான் நிபந்தனைகள்.

பேக்கருக்கு ஆசை பற்றிக்கொண்டது. பணம் போடத்தான் ஆள் இல்லை. சிரிப்புப் படம் என்றால் இவ்வளவு பயம் கூடாது, பேய்ப் படம் என்றால் இவ்வளவு சிரிப்பு கூடாது என்று தயாரிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஆண்டுகள் ஓடின. இனி அந்தப் படம் நடக்காது என்று நினைத்த பேக்கர், 'தி ஹவுலிங்' என்ற வேறொரு ஓநாய்ப் படத்தை ஒப்புக்கொண்டார். அந்த நேரம் பார்த்து லாண்டிஸிடமிருந்து போன். பணம் கிடைத்துவிட்டது!

பேக்கர் 'தி ஹவுலிங்' வேலையைத் தன் சீடர் ராப் பாட்டினிடம் ஒப்படைத்துவிட்டு நண்பரின் படத்துக்கு வந்தார். குருவும் சீடரும் ஒரே ஆண்டில் ஆளுக்கொரு ஓநாயைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

சமையலறைபோல் ஒரு பட்டறை

இது போன்ற உருவத்தை உண்டாக்குவதன் முதல் படி, நடிகரின் உடம்பை அச்சு எடுப்பது. பல் டாக்டர் பல்செட்டுக்கு அளவெடுக்க வாயில் வைப்பாரே, அதே ஆல்ஜினேட் கலவையைக் குழைத்து முகம் முழுக்கப் பூசுவார்கள். மூக்குத் துவாரங்களை மட்டும் திறந்து விடுவார்கள். மேலே மாவுக்கட்டு. கண்ணும் வாயும் மூடிய இருட்டில் நடிகர் அசையாமல் காத்திருக்க வேண்டும். இறுகியதும் கழற்றி, அதற்குள் பிளாஸ்டர் ஊற்றினால் நடிகரின் முகம் அச்சு அசலாகக் கிடைக்கும்.

அந்த பிளாஸ்டர் முகத்தின் மேல் களிமண்ணை அப்பி, வேண்டிய மிருகத்தைச் சிற்பம்போலச் செதுக்குவார்கள். அதற்கும் ஓர் அச்சு எடுப்பார்கள். இப்போது இரண்டு அச்சுகள். ஒன்று மனித முகம், மற்றொன்று மிருக முகம். களிமண்ணை எடுத்துவிட்டு இரண்டையும் பொருத்தினால் நடுவில் இருக்கும் இடைவெளிதான் செய்யவேண்டிய தோலின் வடிவம்.

அந்த இடைவெளியை நிரப்புவது ஃபோம் லேட்டெக்ஸ். ரப்பர் பாலை மிக்ஸரில் கேக் மாவுபோல நுரை பொங்க அடித்து, அச்சுக்குள் ஊற்றி, அவனில் வேகவைப்பார்கள். வெந்து வருவது பஞ்சுபோல் மெத்தென்று, நடிகர் முகம் சுளித்தால் தானும் சுளிக்கும் செயற்கைத் தசை. ஓரங்கள் மட்டும் காகிதத்தைவிட மெலிதாக வர வேண்டும். அப்போதுதான் ஒட்டிய இடம் தெரியாமல் சொந்தத் தோலோடு கலந்துபோகும். பக்குவம் தப்பினால் இட்லி மாவு கதைதான். அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இன்று பல இடங்களில் இதற்குப் பதிலாக சிலிகான் பயன்படுகிறது. ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடுவதால் அது நிஜத் தோலைப்போலவே தெரியும்.

நீளும் கை, விரியும் முகம்

முகத்தில் எதையாவது கூடுதலாக ஒட்டலாம். ஆனால், கண் முன்னே நீள வைப்பது எப்படி? அதற்காக பேக்கர் செய்தவைதான் 'சேஞ்ச்-ஓ' தலைகளும் கைகளும். நடிகர் டேவிட் நாட்டனைப்போலவே தோற்றமளிக்கும் பொம்மைத் தலை. மேலே நன்றாக இழுபடும் செயற்கைத் தோல். உள்ளே நகரக்கூடிய எலும்புக்கூடு. கேமராவுக்குத் தெரியாத இடத்தில் உதவியாளர்கள் குழாய் வழியாக அழுத்தம் கொடுத்தால், உள்ளிருக்கும் பாகங்கள் முன்னே நகரும். தோல் இழுபட்டு மூக்கும் வாயும் நீளும். உள்ளங்கை நீண்ட காட்சியும் இதே வகைதான்.

ரோமம் முளைத்தது இன்னும் வேடிக்கை. செயற்கைத் தோலில் நீளமான ரோமங்களை நட்டு, பின்பக்கத்திலிருந்து மெல்ல உள்ளே இழுத்துப் படம்பிடித்தார்கள். அந்தப் படச்சுருளைத் தலைகீழாக ஓட்டினால் ரோமம் வெளியே வளர்கிறது!

பாதி மனிதன், பாதி ஓநாயாக அவன் தரையில் மல்லாந்து கிடக்கும் காட்சி ஒன்று உண்டு. அதற்காகத் தரையில் ஓட்டை போட்டார்கள். நாட்டனின் தலையும் கைகளும் மேலே. மீதி உடம்பு தரைக்குக் கீழே. கண்ணுக்குத் தெரியும் ஓநாய் உடல் முழுக்கப் பொம்மை. ஓட்டை தெரியாமல் இணைப்பை மறைத்தது மேக்கப்.

மாறி முடித்த முழு ஓநாய் நான்கு கால்களில் நடக்க வேண்டும். ஒருவர் காலைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கைகளை ஊன்றி நடக்கும் பிள்ளைகளின் விளையாட்டு தெரியும்தானே? கிட்டத்தட்ட அதே முறைதான். உள்ளே ஓர் ஆள் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நடக்க, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்த ஒரு காட்சியைப் படம்பிடிக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. நாட்டன் நாளுக்குப் பத்து மணி நேரம்வரை மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பலனாக எடுக்கப்பட்டது சில விநாடித் துண்டுகள் மட்டுமே. எல்லாத் துண்டுகளையும் ஒரே உடம்பாக நம்ப வைத்தது அவரது அலறலும் கண்களில் தெரிந்த பயமும்தான். பொம்மைத் தலை திரையில் வருவதற்கு முன்பே அவர் வலியை நம் மனதில் பதித்துவிடுகிறார். அதனால்தான் ரப்பர் நீளும்போது பார்ப்பவர்களின் கையும் தானாக மடங்குகிறது.

விருதே இல்லாத வேலை

இவ்வளவு காலம் ஆஸ்கரில் மேக்கப்புக்கு என்று தனி விருதே கிடையாது. 1968-ல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' குரங்கு முகங்களுக்காக ஜான் சேம்பர்ஸுக்குக் கொடுத்ததுபோல, எப்போதாவது ஒரு சிறப்பு கௌரவம் கிடைக்கும். 1980-ல் வெளியான 'தி எலிஃபன்ட் மேன்' நிலைமையை மாற்றியது. உடல் உருக்குலைந்த நிலையில் 19-ம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த ஜோசப் மெரிக்கின் கதை. அவர் இறந்தபின் மருத்துவமனையில் எடுத்துவைத்த அச்சுகளைப் பார்த்து, கிறிஸ்டோபர் டக்கர் அந்த மேக்கப்பை உருவாக்கினார். அதற்கு கௌரவ விருதுகூடத் தரப்படவில்லை என்றதும் திரைத்துறையினரிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே மேக்கப்புக்குத் தனி விருது பிறந்தது.

1982 மார்ச்சில் அந்த முதல் விருதை வாங்கியவர், ரிக் பேக்கர். அதன்பின் ஓநாய்ப் படத்தைப் பார்த்து வியந்த மைக்கேல் ஜாக்சன், லாண்டிஸையும் பேக்கரையும் அழைத்து 1983-ல் 'த்ரில்லர்' வீடியோவை எடுத்தது தனிக்கதை. பேக்கர் மொத்தம் ஏழு ஆஸ்கர்களை வாங்கினார்.

அழகுக்குப் பின்னால் ஆபத்து

திரையில் நாம் ரசிக்கும் இந்த மாற்றங்களுக்கு நிஜ உடம்புகள் விலை கொடுத்திருக்கின்றன. 1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் தகர மனிதனாக நடிக்க முதலில் தேர்வானவர் பட்டி எப்சன். முகத்தில் பூசிய அலுமினியத் தூள் நுரையீரலுக்குள் போய், மூச்சுவிட முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்தார். வேறு நடிகரைப் போட்டு, தூளுக்குப் பதிலாகப் பசையாகக் குழைத்துப் பூசினார்கள். அதே படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனுக்கு ஒரு காட்சியில் தீக்காயம். செம்பு கலந்த பச்சை மேக்கப்பைக் காயத்தின் மேலிருந்து உடனே துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த வேதனை சொல்லி மாளாது.

போட்டுக்கொள்பவர்களுக்கு மட்டுமல்ல, செய்பவர்களுக்கும் இதே கதைதான். பேக்கரின் சீடர் பாட்டின், அடுத்ததாக 'தி திங்' படத்தின் விநோத ஜந்துக்களை உருவாக்க ஓராண்டுக்கு மேல் விடுமுறையே இல்லாமல் உழைத்தார். படம் முடியும் நேரத்தில் உடல் தாங்காமல் மருத்துவமனையில் படுத்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம்.

2000-ல் 'தி கிரிஞ்ச்' படத்தில் பச்சை ரோம ஜந்துவாக நடித்த ஜிம் கேரிக்கு முதல் நாள் மேக்கப் போடவே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உயிரோடு புதைத்ததுபோல் இருக்கிறது என்று படத்தையே விட்டுப் போக முடிவெடுத்தார். சித்திரவதையைத் தாங்க உளவாளிகளுக்குப் பயிற்சி தரும் ஒருவரை வரவழைத்து, அவர் சொல்லிக்கொடுத்த உத்திகளால்தான் மீதி நாட்களைக் கடத்தினாராம்.

'அவ்வை சண்முகி' வரை வந்த குடும்பம்

இப்போது அந்த வெஸ்ட்மோர் குடும்பத்துக்கு வருவோம். ஹாலிவுட்டில் 1917-லேயே ஸ்டூடியோ மேக்கப் பிரிவைத் தொடங்கியவர் ஜார்ஜ் வெஸ்ட்மோர். அவரது ஆறு மகன்களும் இதே தொழிலுக்கு வந்தார்கள். ஜெகிலை ஹைடாக்கிய வாலி அவர்களில் ஒருவர். ஜார்ஜின் பேரன் மைக்கேல் வெஸ்ட்மோர் 'மாஸ்க்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களின் வேற்றுக்கிரகவாசிகளுக்கு முகம் கொடுத்தவர்.

தமிழ் ரசிகர்களுக்கும் அவர் கைவேலை நன்றாகவே தெரியும். 1996-ல் 'இந்தியன்' தாத்தாவும் 'அவ்வை சண்முகி' மாமியும், 2008-ல் 'தசாவதாரம்' படத்தின் வேடங்களும் கமல்ஹாசனும் அவரும் சேர்ந்து உருவாக்கியவை. 2015-ல் ஷங்கரின் 'ஐ' படத்தில் விக்ரமை மிருக உருவமாகவும் கூனனாகவும் மாற்றியது, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' புகழ் நியூசிலாந்தின் வெட்டா வொர்க்‌ஷாப்.

ரப்பர் வந்தது... பிறகு கம்ப்யூட்டர் வந்தது

இதே குடும்பத்தின் இன்னொரு மகன் பட் வெஸ்ட்மோர். 1940-களின் பிற்பகுதியில் யூனிவர்சல் ஸ்டூடியோ, ஜாக் பியர்ஸை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்காரவைத்தது இவரைத்தான். காரணம், ஃபோம் லேட்டெக்ஸ் வந்துவிட்டது. அச்சில் வார்த்த முகத்தை விரைவாக ஒட்டிவிடலாம். தினமும் மணிக்கணக்கில் கையால் உருவாக்கும் பியர்ஸின் பாணி ஸ்டூடியோவுக்குச் செலவாகத் தெரிந்தது. ஃபிராங்கன்ஸ்டைனையும் ஓநாய் மனிதனையும் உலகுக்குத் தந்தவர், 1968-ல் அதிகம் பேர் கவனிக்காமலேயே இறந்துபோனார்.

காலம் பேக்கருக்கும் ஏறக்குறைய அதே பாடத்தை வைத்திருந்தது. 2010-ல் 'தி வூல்ஃப் மேன்' மறுபடி படமானது. சின்ன வயதிலிருந்தே பியர்ஸின் ஓநாயை நேசித்த பேக்கர், பெனிசியோ டெல் டோரோவுக்கு ஓநாய் மேக்கப் போட்டார். ஆனால், மனிதன் ஓநாயாக மாறும் காட்சியை மட்டும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸிடம் கொடுத்துவிட்டார்கள். எந்தக் காட்சியால் அவர் உலகப் புகழ் பெற்றாரோ, அதே காட்சி அவர் கையில் இல்லை. அந்த ஆதங்கத்தை அவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் படத்தின் மேக்கப்புக்கு ஏழாவது ஆஸ்கர் கிடைத்தது என்பது வேறு விஷயம். 2015-ல் பட்டறையை மூடி, சேர்த்துவைத்த முகமூடிகளை ஏலம் விட்டு ஓய்வு பெற்றார்.

கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொல்லம் போன்ற பாத்திரத்தை ரப்பரால் செய்திருக்கவே முடியாது. அங்கேயும்கூட ஆண்டி செர்கிஸ் என்ற நடிகரின் அசைவுகள்தான் அந்த உருவத்துக்கு உயிர். கருவி எதுவானாலும் உள்ளே ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

ரப்பரும் சிலிகானும் காணாமல் போய்விடவில்லை. 2024-ல் வெளியான 'தி சப்ஸ்டன்ஸ்' படத்தில் டெமி மூரின் உடம்பு படிப்படியாகச் சிதைந்து ஒரு ஜந்துவாகும் காட்சிகளைப் பெரும்பாலும் மேக்கப்பாலேயே செய்தார்கள். மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து, அச்சில் வார்த்த துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும் அதே பழைய வேலை. 2025-ல் மேக்கப்புக்கான ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது.

அடுத்த முறை திரையில் ஒரு மனிதன் மிருகமாகும்போது, நீளும் பல்லையும் நகத்தையும் விட்டுவிட்டு அந்தக் கண்களைப் பாருங்கள். சுற்றிலும் ரப்பர், மேலே ரோமம், அதற்கு மேல் சாயம். நடுவில் விடியற்காலையிலிருந்து மேக்கப் நாற்காலியில் காத்திருந்த ஒருவரின் சொந்தக் கண்கள் அவை. எந்த அச்சிலும் வார்க்க முடியாத ஒரே பாகம்!